பதுளை வீதி

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் ஏறாவூரைக் கடந்ததும் செங்கலடிச் சந்தியை அடைவர். அங்கே மேற்குப் புறமாக ஒரு வீதி பிரிகின்றது. வயல்களையும் பின்னர் காடுகளையும் ஊடறுத்துச் செல்லும் அவ்வீதியை அவ்வூரார் பதுளை வீதி என்றே வழங்குவர். மலைகள் அங்கிருந்து தெளிவாகத் தெரிவதும் இல்லை; பதுளையோ நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. பதுளையில் வாழும் எங்களுக்கோ அதே வீதி பசறை ரோடு. அப்பாலும் அது நீண்டு சென்று கடலருகே முடிகின்றது என்பதை நான் என் பதின்மூன்றாம் வயதில் புவியியல் பாடத்திலேதான் அறிந்தேன். தான் பிறந்த வீட்டு வாசலால் போகும் வீதி எங்கே போகின்றது என்பதை அறியாதிருத்தல் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதுமையன்று.

அரசாங்க ஏடுகளில் இவ்வீதிக்கு ஏ-5 என்று பெயர். கண்டிக்கு அண்மையில் பேராதனையில் தொடங்கி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகின்றது. அங்கே கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தைத் தொட்டு, ஹக்கலைச் சரிவால் இறங்கி, வெலிமடை, ஹாலிஎலை கடந்து பதுளையை அடைகின்றது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை, மகாஓயா என்று கீழிறங்கிச் செங்கலடியில் முடிகின்றது. 270 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இத்தூரத்தில் மத்தி, ஊவா, கிழக்கு ஆகிய மூன்று மாகாணங்கள் அடங்குகின்றன. குளிருக்குக் கம்பளி போர்த்தி ஏறிய பயணி, அன்றைக்கே மேற்சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டு இறங்கலாம்.

ஒரே வீதியாக இன்று தோன்றினும், இது இரு வேறு காலத்தில் இரு வேறு மாந்தர் இரு வேறு தேவைகளுக்காக நடந்த இரு வழிகளின் இணைப்பாகும். கிழக்குப் பாதி உப்பினால் ஆயது. மேற்குப் பாதி கோப்பியினால் ஆயது. இரண்டும் பதுளையிலே சந்திக்கின்றன. உப்பு வழியே மூத்தது. ஆதலின் அதனை முதற்கண் கூறுவேன்.

மலைநாட்டில் நெல் விளையும், பாக்கு விளையும், மிளகு விளையும், உப்பு விளைவதில்லை. கடற்கரையில் உப்பும் கருவாடும் உண்டு, பாக்கு அரிது. இவ்விரண்டிற்கும் இடையே எருதுகள் நடந்தன. முதுகின் இருமருங்கும் பொதி தொங்க, வரிசையாக நடந்து செல்லும் பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவளம் என்பர். தமிழரும் சிங்களவரும் இச்சொல்லை ஒருங்கே வழங்கினர். கீழைக் கரையிலிருந்து ஊவாவுக்குத் தவளம் நடத்தியவருள் முஸ்லிம் வணிகர் பலர். உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றை ஏற்றி வந்து, பாக்கும் பிற விளைபொருளும் கொண்டு திரும்பினர். வழியில் வண்டி செல்லும் வீதி இல்லை. எருதின் குளம்பு பதிந்த தடமே வீதி.

இப்பகுதியில் வாணிகம் எத்துணைப் பழமையானது என்பதற்குப் பதுளையிலேயே ஒரு கற்சான்று உண்டு. பத்தாம் நூற்றாண்டில், நான்காம் உதயன் என்னும் அரசன் காலத்தில் பொறிக்கப்பட்ட தூண் கல்வெட்டு அது. மகியங்கனைக்கு அண்மையில் சொரபொர வாவிப் பக்கத்தில் 1857 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் பதுளைக்குக் கொணரப்பட்டமையால் பதுளைத் தூண் கல்வெட்டு எனப் பெயர் பெற்றது. ஹோப்பிட்டிகாமம் என்னும் சந்தையூரின் வணிகர், அதிகாரிகள் தம்மை வருத்துவதாக அரசனிடம் முறையிட்டனர்; அரசன் சந்தைக்கு ஒழுங்கு விதித்தான். முறையின்றி வரி பறித்தலாகாது, அங்கீகாரமற்ற அளவைகளைக் கையாளலாகாது என்பன போன்ற விதிகள் அக்கல்லில் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் வழிப்போக்கு வணிகனின் குறை இதுவே என்பதை எண்ணும்போது சற்றே நகை தோன்றுகின்றது.

கண்டி மன்னர் காலத்தில் பெருவீதி அமையாமைக்குக் காரணம் அறியாமை அன்று. வீதி வந்தால் பகைவன் வருவான் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மலைப்பாதைகளை ஒடுக்கமாகவே வைத்திருந்து, முட்கதவு இட்டுக் காவல் செய்தனர். பல ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் இம்முட்கதவுகளைப் பற்றி எழுதியுள்ளார். இக்காவலின் பயனை 1630 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கண்டனர். தளபதி கொன்ஸ்தந்தீனு த சா படையோடு ஊவாவுக்குள் புகுந்து பதுளையை எரித்தார். திரும்பும் வழியில் அவருடைய படையிலிருந்த உள்நாட்டு வீரர் கட்சி மாறினர். வெல்லவாயாவுக்கு அண்மையில் ரந்தெனிவெலவில் அவர் கொல்லப்பட்டார். உள்ளே வரும் வழி எளிது, வெளியேறும் வழி அரிது என்பதே மலைநாட்டுப் போரியல்.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் கிளர்ச்சி மூண்டது. அக்கிளர்ச்சியின் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நமது பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. பொதிமாட்டுப் போக்குவரத்தை நிருவகிக்கும் துறைக்குக் கண்டி ஆட்சியில் மடிகே என்று பெயர். வெல்லஸ்ஸைப் பகுதியில் அத்துறையின் தலைமையைப் பழைய பிரதானிகளின் கையிலிருந்து பிரித்து, ஹாஜி மரிக்கார் என்னும் முஸ்லிம் ஒருவருக்கு ஆங்கிலேயர் அளித்தனர். தவளத்தை ஆள்பவன் உப்பை ஆள்வான். உப்பை ஆள்பவன் ஊரை ஆள்வான். பிரதானிகள் இதனைப் பொறுக்கவில்லை. கிளர்ச்சியைத் தொடக்கத்திலேயே அடக்க எண்ணிப் பதுளையிலிருந்து புறப்பட்ட உதவி அதிகாரி வில்சன், 1817 செப்டெம்பரில் பிபிலைப் பக்கத்தில் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சியாளரோடு சேர்ந்து தலைமை தாங்கி, 1818 நவம்பர் 26 ஆம் நாள் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வெலிமடைக்கு அண்மையில் இவ்வீதியிலேயே அவர் பெயர் தாங்கிய ஊர் உளது.

கிளர்ச்சியை அடக்கிய முறை கொடியது. வயல்கள் எரிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன, ஊர்கள் வெறுமையாயின. அடுத்த ஆண்டு இப்பக்கம் பயணம் செய்த மருத்துவர் ஜோன் டேவி, 1821 இல் வெளியான தம் நூலில் ஊவாவின் பாழ்நிலையைக் குறித்துள்ளார். ஊவாவின் மலைச்சரிவுகள் பின்னாளில் ஆட்களற்ற வெற்றுநிலம் எனக் கோப்பித் துரைமாருக்கு எளிதாகக் கிடைத்தமையை இதனோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும். வெறுமை இயற்கையாய் வந்ததன்று.

இனி மேற்குப் பாதியின் கதை. கிளர்ச்சியிலிருந்து ஆங்கிலேயர் கற்ற பாடம் ஒன்றே: வீதியின்றி நாட்டை ஆள முடியாது. 1820 களில் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் கொழும்பு-கண்டி வீதியை அமைப்பித்தார். நுவரெலியா நோய் தீர்க்கும் குளிர்நகராயிற்று. 1832 இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நீக்கப்பட்டபோது, வீதி வேலைக்கு ஆள் எங்கிருந்து பெறுவது என்ற வினா எழுந்தது. முன்னோடிப் படை என்று ஒரு படை இருந்தது. பெயர் படையாயினும் அதன் கருவி துப்பாக்கியன்று, மண்வெட்டியே. தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட தமிழர் அதில் மிகுதியாக இருந்தனர். தோட்டத்துக்கு ஆள் வருமுன்னரே வீதிக்கு ஆள் வந்தமையை நாம் மறந்துவிடுகிறோம். மலையகத் தமிழன் முதலில் பிடித்தது கொழுந்துக் கூடையை அன்று.

இப்படையை நடத்தியவருள் தோமஸ் ஸ்கின்னர் பெயர் முதன்மையானது. பதினைந்து வயதளவில் சேவையில் சேர்ந்து, வீதி ஆணையாளராக உயர்ந்து, 1867 இல் ஓய்வு பெற்றபோது இத்தீவில் ஏறக்குறைய 3,000 மைல் வீதி இருந்தது. அவருடைய நினைவு நூல் அவர் இறந்த பின் 1891 இல் வெளிவந்தது. 1848 இல் வந்த வீதிச் சட்டத்தையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஆண்டில் ஆறு நாள் வீதியில் உழைத்தல் வேண்டும். அன்றேல் பணம் கட்டுதல் வேண்டும். நீக்கிய இராசகாரியம் வேறு வேடத்தில் திரும்பி வந்தது என்று மக்கள் முணுமுணுத்தனர். அவ்வாண்டுக் கலகத்திற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊவாவில் வீதி அமைத்தவர் என்று போற்றப்படுபவர் மேஜர் றொஜர்ஸ். பதுளையில் படைத்தலைவராகவும் ஆட்சி அதிகாரியாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். வீதி அமைத்தமையிலும் யானை சுட்டமையில் இவருக்குப் பெயர் பெரிது. 1,400 யானைகளுக்கு மேல் கொன்றார் என்பர். 1845 ஜூன் மாதம் அப்புத்தளை வாடிவீட்டில் இடி விழுந்து மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையிலும் இடி விழுந்ததாகக் கதை வழங்குகின்றது. யானைகளின் சாபம் என்று கிழவர்கள் சொல்லும்போது, அதை மறுக்க எனக்கு மனம் வந்ததில்லை. பதுளையிலுள்ள பரிசுத்த மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. உள்ளே நினைவுக் கல்லும் உண்டு. கல் உடைத்தவர்களுக்குக் கல் இல்லை.

வீதி அமைந்ததும் கோப்பி வந்தது. கோப்பியோடு ஆட்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர் தொகை பெரிது. அவ்வழியைப் பற்றி இப்போது பலரும் அறிவர். 2023 ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது. ஆனால் ஊவாவுக்கு வந்தவர்களுக்கு மாத்தளையோடு நடை முடிந்துவிடவில்லை. கண்டி கடந்து, றம்பொடைக் கணவாய் ஏறி, நுவரெலியாக் குளிரில் நடுங்கி, வெலிமடைப் புல்வெளிகளைக் கடந்து, பின்னும் நடக்க வேண்டியிருந்தது. எங்கள் பாட்டியார் தம் பாட்டியாரிடம் கேட்டதாக ஒன்று சொல்வார். வெயிற் சீமையிலிருந்து வந்த அவர்களுள் பலர் நுவரெலியாவில்தான் முதன்முதலில் தம் வாயிலிருந்து புகை வருவதைக் கண்டார்களாம். நெஞ்சுக்குள் தீப்பிடித்துவிட்டது என்று ஒரு பெண் அழுதாளாம்.

கோப்பி கரத்தையில் ஏறிக் கண்டிக்குச் சென்றது. பதுளையிலிருந்து ஒரு கரத்தை மலை ஏறி இறங்கிக் கண்டியை அடைய நாட்கள் பல ஆகும். மழைக்காலத்தில் சேற்றில் அச்சு முறிந்தால் வாரக்கணக்கில் நிற்கும். ஈண்டு ஊவாவின் மழையைப் பற்றி ஒரு சொல். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவுக்கு வறண்ட காற்றாகவே இறங்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருகின்றது. மழையோ வடகீழ்ப் பருவத்தில், ஆண்டின் இறுதியில் வரும். தேயிலைக்கு வரம் தரும் மலை, வீதிக்கு மண்சரிவைத் தருவதும் அப்போதுதான்.

1869 ஆம் ஆண்டு, பசறைக்கு அப்பால் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டனர். இலைகள் பேராதனைப் பூங்காவுக்கு வந்தன. பணிப்பாளர் துவைற்ஸ் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி என்னும் அறிஞர் அஃது ஒரு பூஞ்சணம் எனக் கண்டு பெயரிட்டார். பூஞ்சணமும் அவ்வழியே மேற்கு நோக்கி நடந்தது என்று சொல்லலாம். இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பி அழிந்தது. சிங்கோனாவைச் சிறிது காலம் நம்பினர். ஹக்கலைப் பூங்கா 1861 இல் தொடங்கப்பட்டதே அதன் பொருட்டுத்தான். முடிவில் தேயிலை நிலைத்தது.

தேயிலை வந்ததால் வீதியில் நடப்போரின் வாழ்வு முற்றிலும் மாறியது. கோப்பி பறிக்கும் காலம் ஆண்டில் சில மாதமே. ஆட்கள் வந்தார்கள், திரும்பிச் சென்றார்கள். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்க்கும். ஆதலின் குடும்பம் குடும்பமாக வந்தனர், லயத்தில் தங்கினர், திரும்பவில்லை. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. துரைமார் இடைவிடாது கேட்ட புகையிரதம் 1893 இல் அப்புத்தளைக்கும், மறு ஆண்டு பண்டாரவளைக்கும் வந்தது. பதுளைக்கு வர 1924 வரை காத்திருந்தது. தேயிலைப் பெட்டிகள் அதன்பின் புகையிரதத்தில் ஏறின. கரத்தைக்காரரின் காலம் முடிந்தது. தவளத்தின் காலம் அதற்கு முன்னரே முடிந்திருந்தது.

புகையிரதம் வந்த பின்னும் இவ்வீதி ஓய்ந்துவிடவில்லை. பதுளையோடு இருப்புப்பாதை முடிகின்றது. பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் வீதியே கதி. மைலுக்கு ஒரு கல் நட்டார்கள். அக்கற்களைக் கட்டை என்று மக்கள் அழைத்தனர். நாளடைவில் கட்டையே ஊர்ப்பெயராயிற்று. கிலோமீற்றர் வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் இன்றும் இத்தனையாங் கட்டையில் இறக்கிவிடு என்றுதான் பஸ்ஸில் கேட்கின்றோம். வளைவுகளில் முனியாண்டிக்குச் சிறு கோயில்கள் எழுந்தன. சாரதிகள் நிறுத்திச் சூடம் கொளுத்திவிட்டுச் செல்வார்கள். சாரதி சிங்களவராயினும் வழக்கம் அதுவே.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவ்வீதியோரத்து மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டும், 3,00,000 பேர் இங்கே குடியுரிமை பெற வேண்டும் என வகுக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு பாதியாகப் பங்கிடப்பட்டனர். மடுல்சீமையிலிருந்தும் பசறையிலிருந்தும் புறப்பட்டவர்கள் இதே வீதியால் பதுளைப் புகையிரத நிலையத்துக்கு வந்தார்கள். வெண்கலக் குடமும், தகரப் பெட்டியும், அம்மியும் கூடச் சிலர் கொண்டுவந்தனர். பாட்டனார் நடந்து வந்த வழியைப் பேரர் இரயிலில் ஒரே இரவில் பின்னோக்கிக் கடந்து தலைமன்னாரில் கப்பல் ஏறினர். நான் சிறுவனாக மேடையில் நின்று பார்த்த முகங்களுள் ஒன்று இன்றும் மறக்கவில்லை. என் வகுப்பில் பக்கத்தில் அமர்ந்த பையன் அவன். அவன் அழவில்லை, அம்மியைப் பிடித்துக்கொண்டிருந்தான். இராமேசுவரத்துக்கான அக்கப்பற் சேவையும் 1984 இல் நின்றது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது.

கிழக்குப் பாதிக்கு வேறு துன்பம் வந்தது. போர்க்காலத்தில் மகாஓயாவுக்கு அப்பால், புல்லுமலை, கரடியனாறு வழியாகச் செல்லும் பகுதி பல ஆண்டுகள் அச்சத்தின் வீதியாயிற்று. ஊர்கள் காலியாயின, பஸ்கள் நின்றன. கருவாட்டு லொறி பொலனறுவைப் பக்கமாகச் சுற்றி வந்தது. 2007 இல் கிழக்கில் போர் ஓய்ந்த பின் மெல்ல மெல்ல வழி திறந்தது. சவூதி அபிவிருத்தி நிதியமும் ஒபெக் நிதியமும் தந்த கடனுதவியால் பதுளை-செங்கலடிப் பகுதி அகலப்படுத்தப்பட்டு வந்தது. ஆயிரம் ஆண்டு உப்பு வழியைச் சீர்செய்யப் பாலைவன நாட்டுப் பணம் வந்ததையும் வரலாற்றில் எழுதி வைத்தல் வேண்டும்.

வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2021 மார்ச் 20 ஆம் நாள் காலை, பசறை 13 ஆம் கட்டையில், லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கி வந்த பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்தது. அவ்விடத்தில் ஒரு பெரும்பாறை சரிந்து வீதியை ஒடுக்கியிருந்தது. எதிரே வந்த வாகனத்துக்கு வழி விடுகையில் பஸ் சரிந்தது. பலர் உயிரிழந்தனர், பிள்ளைகளை விட்டுத் தாயும் தந்தையும் ஒருங்கே மாண்ட வீடும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தபோது பதுளை மாவட்டம் எங்கணும் மலை சரிந்தது, வீதிகள் துண்டிக்கப்பட்டன, மலைமேல் லயங்களில் இருந்தவர்களுக்குக் கால்நடையே மீண்டும் வழியாயிற்று.

பசறையிலிருந்து மேலே பிரியும் தோட்டப் பாதைகள் பலவற்றில் இன்னும் தார் விழவில்லை. நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து கட்டையடிக்குக் கொணர்ந்து, வரும் வாகனத்துக்குக் கைகாட்டி நிற்பவர்களை மாரிக்காலத்தில் காணலாம். சென்ற மார்கழியில் நான் கண்டேன். சுமந்து வந்த நால்வருள் மூத்தவர் கட்டையின் மேல் அமர்ந்து அட்டை கடித்த காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். மேலே கட்டை நடவில்லை, ஐயா. எண்ணிப் பார்க்க வழியில்லை என்றார்.